பர்னாந்து பிறந்த ஊர்

மும்பை செம்பூருக்குக் குடிவந்து முப்பத்தொரு வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது என் பேரைக் கேட்டுவிட்டு, "ஓ, கோவாவா?" என்பார்கள். பாந்த்ரா பக்கம் போனால் கொங்கணியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். கோவாக்காரர்கள் ஃபெர்னாண்டஸ், நாங்கள் தூத்துக்குடி, பர்னாந்து என்று விளக்கிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் பாதி நேரம் ஆமாம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் எங்களுக்கு அறை வாடகைக்கு விட்ட அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேறு மாதிரிச் சிரித்தார். "இது ஆம்பிளைப் பேராச்சே! உன் பேரா, உன் அப்பா பேரா?" அங்கே அது முன்பெயர்தானாம், குடும்பப் பேராக யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் எனக்குக் காதில் விழுந்தது வேறொன்று. அவர் அதை ஃபெர்னான்டோ என்று சொல்லவில்லை. கடைசி எழுத்தை உதட்டைக் குவித்து, "ஃபெர்னாந்து" என்றார். எங்கள் ஆச்சி சொன்ன மாதிரியே. மும்பையில் பள்ளிக்கூட ரெஜிஸ்டரிலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாரும் திருத்தித் திருத்தி எழுதிய பேரை, அது புறப்பட்டு வந்த ஊரில் தூத்துக்குடிக் கணக்கில்தான் உச்சரிக்கிறார்கள்.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீஸ் பாதிரியார்களிடம் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியபோது ஒட்டிக்கொண்ட பேர் இது. அதனால் லிஸ்பன் என்றால் எனக்கு ஐரோப்பிய டூர் என்ற நினைப்பு வரவில்லை. பாரிஸ், ரோம் எல்லாம் போய்வந்த தோழிகள் "அங்கே என்ன இருக்கு, முதல்லே ஸ்விட்சர்லாந்து போ" என்றார்கள். ஓய்வு பெற்ற மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி டீச்சருக்கு ஒரே ஒரு தடவைதான் காசு சேரும். அதை நான் பனியில் போடத் தயாராக இல்லை.

கூட வந்தது என் மைனி, அண்ணன் மனைவி. அண்ணன் போனதிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாளுக்குப் போவது தவிர வேறெங்கும் வெளியே வராதவர். அவரைக் கிளப்புவதற்கு ஒரு வரிதான் சொன்னேன். "மைனி, அந்தோணியார் பிறந்த ஊர்." "ஏட்டி, அவரு பதுவைக்காரருல்லா?" என்றார். நாம் எல்லாரும் பதுவை அந்தோணியார் என்று சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது. பதுவையில் அவர் இறந்தார், 1231-ல். பிறந்தது லிஸ்பனில். இதெல்லாம் எனக்கும் போகிற வருஷம்தான் தெரியும். அதைவிடப் பெரிய செய்தியை லிஸ்பனில் போய்ச் சொல்லலாம் என்று அடக்கி வைத்திருந்தேன்.

2024 ஜூன் இரண்டாம் வாரம். இஸ்தான்புல்லில் விமானம் மாறி மதியம் இறங்கினோம். முதல் புத்திமதி இதுதான்: மேட்டில் இருக்கும் பழைய பேட்டையான அல்ஃபாமாவில் அறை எடுக்கிறவர்கள் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் ஏஜென்ட் அதைக் கேட்கவில்லை. டாக்சி கீழேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் வண்டி போகாது. படி, திருப்பம், மறுபடி படி. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நாலு மாடி. பெட்டிக்குள் மைனியின் கருவாட்டுப் பொட்டலம் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இன்னொன்று, செருப்பு. ஊர் முழுக்க நடைபாதையில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. நூறு வருடக் கால் பட்டு வழவழவென்று ஆகியிருக்கிறது, இறக்கத்தில் ஒரு துளி ஈரம் இருந்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அடிப்பாகம் ரப்பர் உள்ள ஷூ இல்லாமல் போகவே கூடாது. மைனி புடவைக்கு ஷூ போட மாட்டேன் என்று முதல்நாள் அடம்பிடித்தார். இரண்டாம் நாள் சாயங்காலமே பாய்ஷாவில் ஷூ வாங்கினோம்.

பாய்ஷா என்பது ஊரின் நடுவில் இருக்கும் சமதளக் கடைவீதி. கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு என்று தொழில் பேரில்தான் தெருவே. நாங்கள் ஷூ வாங்கப் போன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தெருப் பலகை: 'ருவா தொஸ் சப்பத்தெய்ரோஸ்'. மைனி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "சப்பாத்து தெருவா?" என்றார். ஆமாம், சப்பாத்து, அதாவது ஷூ, செய்கிறவர்கள் தெரு. அன்றிலிருந்து அவருக்கு இது விளையாட்டாகிவிட்டது. சாவி, சன்னல், மேசை, அலமாரி, வராந்தா, பொத்தான், துவாலை, குசினி, எல்லாம் போர்ச்சுகீஸிலிருந்து நம்மிடம் வந்த வார்த்தைகள். இங்கிலீஷ் தெரியாதவர் கடைகளில் என்னைவிட நன்றாகச் சமாளித்தார்.

இந்தச் சமதளம் இவ்வளவு நேராக இருப்பதற்குக் காரணம் 1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள் காலை, ஊரே பூசையில் இருந்த நேரம் பூமி குலுங்கியது. கோயில்கள் மக்கள் மேல் விழுந்தன. தப்பியவர்கள் வெட்டவெளி என்று ஆற்றங்கரைக்கு ஓட, கொஞ்ச நேரத்தில் தேஜோ ஆற்றுவழியே கடல் ஏறி வந்தது. அதற்கும் தப்பியதை, சாய்ந்த மெழுகுதிரிகளிலும் அடுப்புகளிலும் பிடித்த தீ நாள்கணக்கில் தின்றது. தூத்துக்குடிக்காரர்களுக்கு 2004 டிசம்பரை நினைக்காமல் இதைக் கேட்க முடியாது. அதுவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை.

அதன்பிறகு பொம்பால் என்ற மந்திரி ஊரைத் திருப்பிக் கட்டினார். சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு கூண்டு, அதன்மேல் பூச்சு. நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், கட்டடம் நிற்கும். அதற்கு அங்கே பேரே 'கூண்டு' என்பதுதான், கயோலா. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நிலநடுக்கம் செய்த வேலை தெரிய வேண்டுமானால் மேலே கார்மோ மடத்துக்குப் போக வேண்டும். 1389-ல் தொடங்கிய கோயில். நிலநடுக்கத்தில் கூரை போனது, திருப்பிக் கட்டத் தொடங்கி முடிக்காமல் கூரையில்லாமலே விட்டுவிட்டார்கள். கல் வளைவுகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன, நடுவில் புல், மேலே வானம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். லிஸ்பனில் இரண்டு நாள்தான் என்றால்கூட இதை விடாதீர்கள். கோட்டையை விட்டாலும் விடலாம்: சாவோ ஜோர்ஜ் கோட்டையில் மதிலும் மயிலும் காட்சியும்தான், காட்சி வேண்டுமானால் செஞோரா தோ மோந்தே மேட்டில் காசில்லாமல் கிடைக்கும்.

தீயின் தழும்பு பார்க்க ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவோ தொமிங்கோஸ் கோயில். இது எரிந்தது 1959-ல். தூண்கள் வெடித்து, கல் உதிர்ந்து, கருகிய இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு பூசை நடத்துகிறார்கள். வாசலில் 1506-ல் இங்கே கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஒரு நினைவுக்கல். உள்ளே நுழைந்ததும் மைனி முக்காட்டை இழுத்துப் போட்டவர், வெளியே வரும்வரை பேசவில்லை.

ஆற்றங்கரையில் பெரிய சதுக்கம், பிராசா தோ கொமேர்சியோ. மஞ்சள் கட்டடங்கள் மூன்று பக்கம், நாலாம் பக்கம் தண்ணீர். நிலநடுக்கத்துக்கு முன் இங்கேதான் அரண்மனை. இந்த அரச குடும்பத்துப் பெண் கேத்தரினை இங்கிலாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது, 1661 ஒப்பந்தப்படி, சீதனத்தில் பம்பாயும் போனது. இதைச் சொன்னதும் மைனி, "அப்போ நம்ம செம்பூர் ஃப்ளாட்டும் சீதனச் சொத்தா?" என்றார். இல்லை, போனது தெற்கே இருந்த தீவு. வசாய்ப் பக்கமெல்லாம் 1739-ல் மராத்தியர் பிடிக்கும்வரை போர்ச்சுகலிடமே இருந்தது. தாதரில் போர்ச்சுகீஸ் சர்ச் ஸ்டாப்பில் எத்தனை தடவை பஸ்ஸுக்கு நின்றிருப்போம், அந்தப் பேரை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

டிராம் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 28-ம் நம்பர், மஞ்சள் நிறம், மரப் பெஞ்சு, மார்த்திம் மொனீஸில் புறப்பட்டு அல்ஃபாமா சந்துகளுக்குள் சுவரை உரசுகிற மாதிரிப் போகும். சில இடத்தில் நடக்கிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு வாசற்படியில் ஒதுங்குகிறார்கள். பத்து மணிக்குப் போனால் வரிசையே ஒரு மணி நேரம். உள்ளே மும்பை விரார் லோக்கல் ரயில் நெரிசல். ஜேப்படித் திருடர்களுக்கு அந்த வண்டி பேர்போனது, பலகையே வைத்திருக்கிறார்கள். மைனி தாதரில் இறங்கிப் பழகியவர், பையை வயிற்றோடு முன்னால் கட்டி அதன்மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டார். காலை ஏழு மணிக்கு ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். பம்பாயில் 1964-ல் டிராம் நின்றது. என் மாமனார் கடைசிவரை அதைப் பற்றிப் பேசுவார், இங்கே ஏறியதும் அவர் எதற்காக அப்படிப் புலம்பினார் என்று புரிந்தது. பிரயாணத்துக்கு அட்டை ஒன்று ஸ்டேஷன் மெஷினில் கிடைக்கும், நாங்கள் போனபோது ஐம்பது சென்ட், அதில் காசு ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், படகு எல்லாவற்றுக்கும் ஆகும். ஆளுக்கு ஒன்று வேண்டும்.

இனி பெலேம், ஊருக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் பகுதி. ஏஜென்ட் அட்டவணையில் திங்கட்கிழமை போட்டிருந்தார். திங்கட்கிழமை அங்கே ஜெரோனிமோஸ் மடமும் மூடல், பெலேம் கோபுரமும் மூடல். போதாததற்கு அன்றைக்கு ஜூன் 10, தேசிய விடுமுறை. 15-ம் நம்பர் டிராமில் போய் இறங்கிப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சரி என்று கோபுரத்தை வெளியிலிருந்து சுற்றினோம். அதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. காவல்கூண்டு ஒன்றின் அடியில் கல்லில் ஒரு காண்டாமிருகத் தலை இருக்கிறது, தேய்ந்து மழுங்கி. குஜராத் சுல்தான் கொடுத்த மிருகம், கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் இந்தக் கரையில் இறங்கியது. ஐரோப்பா அதற்கு முன் ஆயிரம் வருடமாகக் காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜெர்மனியில் ட்யூரர் என்ற ஓவியர் யாரோ எழுதிய வர்ணனையையும் வரைந்த படத்தையும் வைத்தே அதை மரத்தில் செதுக்கி அச்சடித்தார், நேரில் பார்க்காமலே. போர்ச்சுகல் ராஜா அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்ப, இத்தாலிக் கரையோரம் கப்பல் முழுகிச் சங்கிலியோடு செத்தது. "பாவம், எங்கேயோ புல்லைத் தின்னுக்கிட்டுக் கிடந்தது" என்றார் மைனி. அவ்வளவு பெரிய கோபுரத்தில் அவர் கேமராவில் எடுத்தது அந்த ஒரு தலையைத்தான்.

மறுநாள் மறுபடி போனோம். ஜெரோனிமோஸ் மடம். கல்லில் கயிறும் முடிச்சும் சிப்பியும் பவளமும் செதுக்கியிருக்கிறார்கள். வலைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு அந்த முடிச்செல்லாம் தெரிந்த முடிச்சு. கட்டுவதற்குப் பணம் வந்தது ஆப்பிரிக்க, ஆசிய வியாபாரத்தில் வசூலித்த வரியிலிருந்து, நூற்றுக்கு ஐந்து. கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோடகாமா கல்லறை, எதிர்ப்பக்கம் கவிஞர் கமோயிஸ். கொச்சிக் கோட்டையில் காமாவை முதலில் புதைத்த குழியையும் நாங்கள் பார்த்திருக்கிறோம், 1524-ல் இறந்தது அங்கேதான். 1502-ல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரைக் கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்த ஆள் இவர். அவர் வழியில் வந்தவர்கள் கொடுத்த பேரைத்தான் நான் சுமக்கிறேன். கல்லறைக்கு முன்னால் எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். மைனி அந்தப் பக்கம் திரும்பவில்லை. "செபமாலை இங்க சொல்லாண்டாம், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கே தேடிப் போனது வேறு. முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்', 1578, கொல்லம், அண்டிரிக் அடிகளார். அதற்கும் 24 வருடம் முன்னால், 1554-ல், இதே லிஸ்பனில் ஒரு தமிழ் செப நூல் அச்சாகியிருக்கிறது. தமிழ் ஒலி, ரோமன் எழுத்து, கூடவே போர்ச்சுகீஸ். அதைத் தயாரிப்பதில் லிஸ்பனில் அப்போது இருந்த மூன்று தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ். குரூஸ் எங்கள் தெருவிலேயே நாலு வீடு உண்டு. அந்தப் புத்தகப் பிரதி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அருங்காட்சியகம் இருப்பது இதே ஜெரோனிமோஸ் கட்டடத்தின் மேற்கு நீட்சியில்.

மராமத்துக்காக மூடியிருந்தார்கள். மேஸ்திரி ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து கைகாட்டினார், போங்கம்மா என்று. நீளமான சுவர். அதைக் கையால் தடவிக்கொண்டு கடைசிவரை ஒருதரம் நடந்தேன். 470 வருடத்துக்கு முன் இந்த ஊரில் மூன்று பேர் உட்கார்ந்து, 'இந்த எழுத்தை வைத்து இந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். இன்று வாட்ஸப்பில் என் பேரன் அதே வேலையைத்தான் செய்கிறான்.

வெளியே வந்து பெலேம் முட்டைப் பணியாரக்கடை. 1837 முதல் நடக்கிறது. மடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு செலவாகும், மிஞ்சிய மஞ்சள்கருவில் இந்த மாதிரி இனிப்புகள் பிறந்தன என்பார்கள். சூடாகத் தின்ன வேண்டும், மேலே பட்டைப்பொடி தூவி. முட்டை சாப்பிடாதவர்கள் ஏமாந்துவிடாதீர்கள், அது முழுக்க முட்டைதான்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹோட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் என்று நினைத்துத் தொட்டால் பில்லில் வரும். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். ரொட்டிக்குப் பேர் பாவ், கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு பட்டாட்டா. இரண்டும் பம்பாயிலும் அதே பேர்தான். பம்பாய்க்காரிக்கு அந்த ஊரில் பசி எடுக்க வாய்ப்பே இல்லை, நடுவில் வடையை வைக்க மட்டும்தான் அவர்கள் மறந்துவிட்டார்கள். சோறும் பருப்பும் கேட்டு நாக்கு ஏங்கினால் மார்த்திம் மொனீஸ் பக்கம் பங்களாதேஷ்காரர்கள் கடை வரிசையாக இருக்கிறது.

சிந்த்ராவுக்குப் போகவில்லை. இரண்டு பேர் முட்டியும் ஒத்துழைக்கவில்லை. பதிலாகக் காய்ஸ் தோ சொத்ரேயில் படகேறி எதிர்க்கரையில் இருக்கும் காசில்யாஸ் போய்வந்தோம், பத்து நிமிடம், ஊர் முழுக்கத் தண்ணீரிலிருந்து தெரியும். பீங்கான் ஓட்டு ஓவிய அருங்காட்சியகத்தில் நிலநடுக்கத்துக்கு முந்தின லிஸ்பனை 23 மீட்டர் நீளத்துக்கு நீல ஓட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள், அழிந்துபோன ஊரை வீடு வீடாகப் பார்க்கலாம். கூட்டமே இல்லை.

ஜூன் 12 ராத்திரிக்கு வருவோம். அந்தோணியார் திருநாள் 13. முந்தின ராத்திரி அல்ஃபாமாவில் யாரும் தூங்குவதில்லை. வாசலுக்கு வாசல் கரி அடுப்பு, கம்பி வலை, மேலே சாளை மீன். மும்பையில் தார்லி என்பார்கள். உப்பு மட்டும் போட்டுச் சுட்டு, ஒரு துண்டு பாவ் மேல் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். மீன் எண்ணெய் ரொட்டியில் ஊறும், முதலில் மீன், கடைசியில் அந்த ரொட்டி. மைனி முள்ளை வாயாலேயே உருவி எடுத்த வேகத்தைப் பார்த்து அடுப்புக்காரக் கிழவி இன்னொரு மீனைச் சும்மா வைத்தார். சந்துக்குச் சந்து தொட்டிச் செடி விற்கிறார்கள், உருண்டையாகக் கத்தரித்த செடி. கிட்டப் போனதும் மைனி, "திருநீற்றுப்பச்சிலை!" என்றார். அந்த வகைதான், இலை மட்டும் பொடிசு. மூக்கை வைத்து முகரப் போனவரை விற்கிறவள் தடுத்துவிட்டாள். செடியைக் கையால் தடவி, கையைத்தான் முகர வேண்டுமாம்.

பேராலயத்துக்குப் பக்கத்தில் சின்னக் கோயில், அந்தோணியார் பிறந்த வீடு இருந்த இடம். அதுவும் 1755-ல் விழுந்ததுதான். சிறுவர்கள் தெருவில் சின்னப் பீடம் வைத்து 'அந்தோணியாருக்கு ஒரு காசு' என்று வசூலித்ததிலும் சேர்ந்து திருப்பிக் கட்டினதாம். உள்ளே கீழே இறங்கினால் ஒரு சிறிய நிலவறை. 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து முழங்காலிட்ட இடம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வழிவிட வேண்டும்.

அங்கே வைத்துத்தான் சொன்னேன். "மைனி, அந்தோணியார்ங்கிறது மடத்தில் சேர்ந்த பிறகு வைத்துக்கொண்ட பேர். வீட்டில் வைத்த பேர் வேற."

"என்னட்டி?"

"பர்னாந்து."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினேன். எழுத்துக்கூட்டினார். எங்கள் அண்ணன் பேர் அந்தோணி. அந்தோணி பர்னாந்து. உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை. மைனி அழவில்லை, முந்தானையால் அந்தக் கல்லை ஒருதரம் துடைத்தார், வீட்டில் போட்டோவைத் துடைக்கிற மாதிரி.

மேலே வந்தபோது சின்னச் சின்ன ரொட்டி மந்திரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தின்னக் கூடாது, அடுத்த திருநாள்வரை வீட்டில் வைத்திருந்தால் சாப்பாட்டுக்குக் குறை வராது என்று பக்கத்தில் நின்ற பெண் சைகையிலேயே விளக்கினாள். மைனி நாலு வாங்கினார். விமானத்தில் செடியைக் கொண்டுவர முடியவில்லை, வாடகை அம்மாவிடமே கொடுத்துவிட்டோம். ரொட்டி வந்துவிட்டது. ஒன்று தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது, ஒன்று என் பீரோவில், இரண்டு மைனியின் அரிசி டப்பாவுக்குள். கல் மாதிரி இறுகிவிட்டது. செம்பூர் எறும்பு இதுவரை அந்தப் பக்கம் போகவில்லை.